வாரண்டி இருக்கிறது என்று காத்திருக்கலாமா?



மளிகைக் கடையானாலும் மண்டியானாலும் இன்று பில் போடுவது, பாக்கி எழுதுவது, சரக்கு இருப்புப் பார்ப்பது எல்லாம் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. 2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்த பிறகு, நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டிருந்த சிறிய கடைக்காரர்களும் பலர் இதற்கு மாறிவிட்டார்கள். தராசும் படிக்கல்லும் எவ்வளவு அவசியமோ, இந்தப் பெட்டியும் அவ்வளவு அவசியமாகிவிட்டது. ஆனால் தராசைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதிகூட இந்தப் பெட்டியைப் பற்றித் தெரியாது.

ஆகவே அதில் ஒரு பாகம் மக்கர் செய்யத் தொடங்கியதும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "வாரண்டி இருக்கிறதா?" என்பதுதான். இருக்கிறது என்று தெரிந்ததும் மனதுக்கு நிம்மதி. "முழுசாகப் போகட்டும், சும்மா மாற்றித் தருவார்கள். இப்போதே ஏன் கைக்காசு போட வேண்டும்?" என்று இருந்துவிடுகிறோம். ரிப்பேர் பார்க்க வருபவரும் சில சமயம் இதையே சொல்லிவிட்டுப் போகிறார்.

சில பாகங்களுக்கு இது சரியான யோசனை. ஆனால் நம் கணக்கு முழுவதும் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைப் பொறுத்தவரை இது நஷ்டம் தரும் யோசனை. எந்தப் பாகத்துக்குக் காத்திருக்கலாம், எதற்குக் காத்திருக்கக் கூடாது, காசு போட்டு மாற்றினாலும் வாரண்டியை விடாமல் வாங்குவது எப்படி என்பதை இங்கே பார்ப்போம்.

வாரண்டி எதற்குப் பொறுப்பு?

ஒரு மூட்டை துவரம்பருப்பில் வண்டு இருந்தால் மொத்த வியாபாரி மூட்டையை மாற்றித் தருவார். அந்தப் பருப்பை வாங்கிய வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விட்டால் அந்த நஷ்டத்துக்கு அவர் பொறுப்பாக மாட்டார். கம்ப்யூட்டர் வாரண்டியும் இப்படித்தான்.

ஹார்ட் டிஸ்க் நிறுவனங்களின் வாரண்டி விதிகளைப் படித்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். டிஸ்க் கெட்டால் டிஸ்க் தருவார்கள். அதில் இருந்த பதிவுகளுக்குப் பொறுப்பேற்க மாட்டார்கள். வியாபாரம் நின்ற நாட்களுக்கும் பொறுப்பேற்க மாட்டார்கள். உள்ளே இருப்பதை மீட்டெடுக்கத் தனி நிறுவனங்கள் இருக்கின்றன. பழுது கடுமையாக இருந்தால் அவர்கள் கேட்கும் கூலி புது டிஸ்க்கின் விலையைப் போலப் பல மடங்கு ஆகும். அந்தச் செலவு பெரும்பாலும் நம் தலையில்தான் விழும். பணம் கொடுத்தாலும் எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்ற நிச்சயம் கிடையாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். வாரண்டியாக வரும் டிஸ்க் புத்தம் புதியதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேறு எங்கிருந்தோ திரும்பி வந்து, சரிபார்த்துச் சீர்செய்யப்பட்ட டிஸ்க்கையும் தர விதிகளில் இடம் இருக்கிறது. அப்படி வந்த டிஸ்க்குக்குப் புதிதாக முழு வாரண்டி தொடங்காது. பழைய வாரண்டியில் மிச்சம் இருக்கும் காலமோ, 90 நாட்களோ, எது அதிகமோ அதைத்தான் பல நிறுவனங்கள் தருகின்றன.

வாரண்டிக் காலம் என்பதும் நிறுவனத்தின் வியாபாரக் கணக்குதான். 2011-ல் தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்து டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கின. உலகம் முழுவதும் டிஸ்க் விலை ஏறியது. அந்த ஆண்டு டிசம்பரில் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆகிய இரண்டு பெரிய நிறுவனங்களும் தங்கள் சாதாரண ரக டிஸ்க்குகள் பலவற்றுக்கு வாரண்டியைக் குறைப்பதாக அறிவித்தன. 3 ஆண்டு என்றிருந்தது சிலவற்றுக்கு 2 ஆண்டாகவும், சிலவற்றுக்கு 1 ஆண்டாகவும் ஆயிற்று. ஆகவே 3 ஆண்டு வாரண்டி என்றால் டிஸ்க் 3 ஆண்டு கெடாது என்று அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. அதற்குள் கெட்டால் வேறு தருகிறோம் என்பது மட்டுமே அதன் பொருள்.

டிஸ்க் எப்படிக் கெடுகிறது?

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே பளபளப்பான தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றுகின்றன. தட்டின் மேல் ஒரு சிறிய முள் போன்ற பகுதி, தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி எழுதுகிறது, படிக்கிறது. நம் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட இந்த இடைவெளி குறைவு. ஓடும்போது ஒரு தட்டு தட்டினாலும், மின்சாரம் திடீரென்று போய் வந்தாலும் அதற்கு ஆகாது என்பதன் காரணம் இதுதான்.

தட்டில் எழுதும் இடம் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இவற்றைச் செக்டார் என்பார்கள். ஒரு செக்டார் கெட்டால், டிஸ்க் தன்னிடம் கையிருப்பாக இருக்கும் உபரிச் செக்டாரை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளும். ஓரிரு செக்டார்கள் இப்படி மாறுவது நமக்குத் தெரியாமலே நடக்கும். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால்தான் ஆபத்து.

டிஸ்க் இந்தக் கணக்கைத் தானே எழுதி வைத்துக்கொள்கிறது. இதற்கு ஸ்மார்ட் என்று பெயர். இதைப் படித்துக் காட்ட கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. நல்ல நிலையில் இருந்தால் நீல நிறம், எச்சரிக்கை என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. ஆங்கிலம் அதிகம் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம்.

கவனிக்க வேண்டியவை மூன்று எண்கள். 5-ம் எண், மாற்றி வைக்கப்பட்ட செக்டார்களின் கணக்கு. 197-ம் எண், படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் செக்டார்களின் கணக்கு. 198-ம் எண், சரிசெய்ய முடியாதவற்றின் கணக்கு. நல்ல டிஸ்க்கில் இந்த மூன்றுக்கும் நேராகப் பூஜ்யம் இருக்கும்.

இந்த எச்சரிக்கை எவ்வளவு தூரம் நம்பத்தக்கது? கூகுள் நிறுவனம் தன்னிடம் ஓடிய ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் நமக்கு வேண்டிய செய்திகள் இரண்டு. முதலாவது, தட்டைச் சோதிக்கும்போது முதல் பிழை தென்பட்ட டிஸ்க், பிழை இல்லாத டிஸ்க்கைப் போல 39 மடங்கு அதிகமாக அடுத்த 60 நாட்களுக்குள் கெட்டுப்போக வாய்ப்புள்ளது. இரண்டாவது, கெட்டுப்போன டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கு மேற்பட்டவை, முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே கெட்டன.

இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எச்சரிக்கை வந்துவிட்டால் அலட்சியம் செய்யக் கூடாது. வரவில்லை என்பதற்காக நகல் எடுக்காமலும் இருக்கக் கூடாது.

இப்போது புதுக் கம்ப்யூட்டர்களில் எஸ்.எஸ்.டி. என்ற வகை வருகிறது. இதில் சுற்றும் தட்டு கிடையாது, வேகமும் அதிகம். ஆனால் கெடும்போது சத்தம் வராது. மாலையில் நன்றாக வேலை செய்தது, மறுநாள் காலையில் கம்ப்யூட்டருக்கே அடையாளம் தெரியாமல் போவதுண்டு. இதன் வாரண்டியில் ஆண்டுக் கணக்கோடு, மொத்தம் எவ்வளவு எழுதலாம் என்று டெராபைட்டில் ஓர் அளவும் பல நிறுவனங்கள் வைக்கின்றன. எது முதலில் முடிகிறதோ அதோடு வாரண்டி முடியும். பில் போடும் கடைகளில் சாதாரணமாக அந்த எழுத்து அளவை எட்ட மாட்டோம். ஆண்டுக் கணக்கைக் கவனித்தால் போதும்.

உண்மையிலேயே டிஸ்க்தான் பழுதா?

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினாலே டிஸ்க் போய்விட்டது என்று முடிவு செய்யக் கூடாது. டிஸ்க்கில் இடம் நிரம்பியிருக்கலாம். வைரஸ் இருக்கலாம். உள்ளே டிஸ்க்கை இணைக்கும் ஒயர் தளர்ந்திருக்கலாம். ஸ்மார்ட் கணக்கில் 199-ம் எண் மட்டும் ஏறினால் பெரும்பாலும் ஒயர் அல்லது இணைப்பில்தான் கோளாறு. சிறிய தொகையில் அந்த ஒயரை மாற்றிவிட்டு, எண் மேலும் ஏறுகிறதா என்று பார்க்கலாம்.

கீழ்க்கண்டவை இருந்தால் டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம்:

1. டிக் டிக் என்று சீராக ஒரு சத்தம், அல்லது உரசுவது போன்ற சத்தம்.
2. பழைய பில் ஒன்றைத் திறக்கும்போது மட்டும் கம்ப்யூட்டர் உறைந்து நிற்பது.
3. கணக்கு மென்பொருள் அடிக்கடி "ஃபைல் கெட்டுவிட்டது" என்ற பொருளில் செய்தி காட்டுவது.
4. 197 அல்லது 198-ம் எண் பூஜ்யத்திலிருந்து ஏறியிருப்பது.
5. 5-ம் எண் வாரா வாரம் கூடிக்கொண்டே போவது.

5-ம் எண் 2 அல்லது 3-ல் நின்று, மாதக்கணக்கில் ஏறாமல் இருந்தால் அன்றாடம் நகல் எடுத்துக்கொண்டு கவனித்து வரலாம். மற்ற அறிகுறிகள் இருந்தால் காத்திருப்பதில் லாபம் இல்லை.

ரூபாய்க் கணக்கு

இனி நமக்குப் பழக்கமான கணக்குக்கு வருவோம். ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 200 பில். வெளியே நிற்கும் பாக்கி 8 லட்சம் ரூபாய். புது டிஸ்க்கும் அதைப் பொருத்தும் கூலியும் சேர்ந்து 5,000 ரூபாய். வாரண்டிக்கு அனுப்பினால் திரும்பி வர 15 நாள். இவை உதாரணத்துக்காக நான் வைத்த தொகைகள். உங்கள் கடைக் கணக்கை இதே முறையில் போட்டுப் பாருங்கள்.

15 நாளும் கையால் பில் போட்டால் மொத்தம் 3,000 பில். டிஸ்க் வந்த பிறகு இவற்றைத் திரும்பக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். பில்லுக்கு 2 நிமிடம் என்றால் 6,000 நிமிடம், அதாவது 100 மணி நேரம். ஓர் ஆள் நாளொன்றுக்கு 8 மணி நேரம் உட்கார்ந்தால் பன்னிரண்டரை நாள் வேலை. நாள் சம்பளம் 600 ரூபாய் என்றால் 7,500 ரூபாய். டிஸ்க்கின் செலவு இங்கேயே தாண்டிவிட்டது.

அடுத்தது பாக்கி. நகல் இல்லாமல் டிஸ்க் போய்விட்டது என்றால், 8 லட்சம் யார் யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்பதை நாம் ஞாபகத்திலிருந்தும் துண்டுச் சீட்டுகளிலிருந்தும் தேடியாக வேண்டும். நம் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் நாணயமானவர்கள். ஆனால் நாணயமானவருக்கும் தம் பாக்கி சரியாக எவ்வளவு என்று நினைவிருக்காது. 100-க்கு 5 தேறாமல் போனாலும் 40,000 ரூபாய். பணம் போவதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. இல்லாத பாக்கியை ஒருவரிடம் கேட்டுவிட்டால், பத்து வருடம் வந்த வாடிக்கையாளரும் முகம் திருப்பிக்கொள்வார்.

இது தீபாவளிக்கோ பொங்கலுக்கோ முன்னால் நடந்தால் என்ன ஆகும் என்று நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

மிச்சமாகப் போவது 5,000 ரூபாய். அதற்காக எதைப் பணயம் வைக்கிறோம் என்று பாருங்கள். அந்த 5,000 ரூபாயும் வீணாவதில்லை. புது டிஸ்க்கைப் போட்டுக்கொண்டு, பழையதை வாரண்டிக்கு அனுப்பினால், மாற்று டிஸ்க் நம் கைக்கு வரும். அதை நகல் எடுத்து வைக்கும் டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம். எப்படியும் ஒரு கடைக்கு அப்படி ஒன்று தேவைதான். ஆகவே காசு போட்டு மாற்றுவது வாரண்டியை விட்டுக்கொடுப்பது ஆகாது. கணக்கையும் காப்பாற்றிக்கொண்டு, வாரண்டியையும் வாங்கிக்கொள்ளும் வழி இது.

ஜி.எஸ்.டி.யில் சாதாரணப் பதிவு உள்ளவர்கள், கடையின் பதிவு எண்ணோடு பில் வாங்கினால், டிஸ்க்குக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். காம்பொசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது. வாரண்டியில் இலவசமாக மாற்றித் தரும் பாகத்துக்குத் தனியாக ஜி.எஸ்.டி. கேட்க வேண்டியதில்லை என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2023 ஜூலை 17-ம் தேதிய சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியுள்ளது. கூலி என்று தனியாகப் பணம் வாங்கினால் அதற்கு மட்டும் வரி உண்டு.

மாற்றும் முறை

முதல் வேலை நகல். சோதனை எல்லாம் அப்புறம். நலிந்த டிஸ்க்கில் நீண்ட சோதனையை ஓட்டினாலோ, ஒழுங்குபடுத்தும் மென்பொருள்களை ஓட்டினாலோ அதற்கு மேலும் சுமை ஏறும். ஆகவே அறிகுறி தெரிந்த அன்றே கணக்கு மென்பொருளின் பேக்கப் வசதியைப் பயன்படுத்தி, வேறு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ நகல் எடுத்துவிட வேண்டும். பழைய நகலின் மேல் எழுதாமல் தனியாக எடுப்பது நல்லது. புது நகல் பழுதாக வந்திருந்தால் பழையதாவது கையில் இருக்கும்.

இரண்டாவது, நகல் சரியா என்று பார்க்க வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. வேறு ஒரு கம்ப்யூட்டரில் அந்த நகலை ஏற்றித் திறந்து மூன்றை ஒத்துப் பாருங்கள்: கடைசி பில் எண், அன்றைய ரொக்க இருப்பு, மொத்தப் பாக்கித் தொகை. மூன்றும் சரியாக இருந்தால் நகலை நம்பலாம்.

மூன்றாவது, மென்பொருளின் லைசென்ஸ். டேலி போன்றவற்றில் லைசென்ஸ் அந்தக் கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கும். பழைய டிஸ்க் வேலை செய்யும்போதே லைசென்ஸை முறைப்படி சரண்டர் செய்துவிட்டுப் புதியதில் திரும்ப ஏற்றினால் சிரமம் இல்லை. லைசென்ஸ் எண், பதிவு செய்த ஈமெயில், பாஸ்வேர்டு மூன்றையும் கடை நோட்டில் எழுதி வையுங்கள். மென்பொருளைப் போட்டுக் கொடுத்தவரின் ஈமெயிலில் லைசென்ஸ் இருந்தால் இப்போதே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நான்காவது, கடை அடைத்த பிறகோ வார விடுமுறை நாளிலோ புது டிஸ்க்கைப் போடுங்கள். பழைய டிஸ்க்கை உடனே அனுப்பிவிடாமல், இரண்டு நாள் பில் போட்டுப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகே அனுப்ப வேண்டும்.

ஐந்தாவது, அனுப்பும் முன் பழைய டிஸ்க் இன்னும் வேலை செய்தால், அதில் உள்ளவற்றை முற்றிலும் அழித்துவிட வேண்டும். நம் கொள்முதல் விலையும், வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்ணும், வங்கி விவரமும் அதில் இருக்கின்றன. வெறுமனே டெலீட் செய்தால் போதாது, முழுவதுமாக அழிக்கும் முறை தனியாக உண்டு. டிஸ்க் செத்துவிட்டது, அழிக்கவும் வழியில்லை, விவரங்களோ மிக ரகசியமானவை என்றால் வாரண்டியை மறந்துவிட்டு டிஸ்க்கை உடைத்துப் போடுவதே சில கடைகளுக்குச் சரியாக இருக்கும்.

வாரண்டி கேட்கும்போது

"முழுதும் போனால்தான் மாற்றித் தருவார்கள்" என்று சொல்வது எல்லா இடத்திலும் உண்மை ஆகாது. நிறுவனங்களே டிஸ்க்கைச் சோதிக்க மென்பொருள் தருகின்றன. சீகேட் நிறுவனத்தின் சீடூல்ஸ் அப்படிப்பட்டது. சோதனையில் டிஸ்க் தேறவில்லை என்று வந்தால் அந்த முடிவைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள். சத்தம் வருகிறது என்று வாயால் சொல்வதைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

டிஸ்க்கின் மேல் உள்ள சீரியல் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் கொடுத்தால் வாரண்டி எந்தத் தேதி வரை என்று தெரியும். இதில் இரண்டு சிக்கல்கள் வரக்கூடும். பிராண்டு கம்ப்யூட்டராக வாங்கியிருந்தால் உள்ளே இருக்கும் டிஸ்க்குக்கு டிஸ்க் நிறுவனம் பொறுப்பேற்காது, கம்ப்யூட்டர் நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். வேறு நாட்டுக்கு விற்பனையானது இங்கே சுற்றி வந்திருந்தாலும் இங்கே வாரண்டி மறுக்கப்படலாம். விலை மலிவு என்று பில் இல்லாமல் வாங்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

பில் விஷயத்தில் ஒரு சிறு எச்சரிக்கை. பல கடைகளில் தரும் பில் வெப்பத் தாளில் அச்சானது. ஓராண்டு வெயிலில் எழுத்து மறைந்து வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து, சீரியல் எண்ணையும் அதில் எழுதி, கோப்பில் வையுங்கள்.

டிஸ்க்கின் ஸ்டிக்கரைக் கிழிக்கக் கூடாது. மூடியைத் திறக்கக் கூடாது. அடிபட்ட தழும்போ எரிந்த தடமோ இருந்தால் வாரண்டி போய்விடும். கொரியரில் அனுப்பும்போது நன்றாகப் பொதிந்து அனுப்புங்கள்.

வாரண்டி முடிய ஒரு மாதம் இருக்கும்போது ஒரு தடவை முழுச் சோதனை செய்துவிடுவது நல்ல பழக்கம். பழுது அன்று தெரிந்தால் இலவசம், அடுத்த மாதம் தெரிந்தால் நம் செலவு. சோதனையில் நன்றாக இருந்தால், வாரண்டி முடிகிறது என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை.

மற்ற பாகங்களுக்கு

கீபோர்டு, மவுஸ்: அலைச்சல் செலவே விலையைத் தாண்டும். புதிது வாங்கிவிடுங்கள்.

மானிட்டர்: கணக்கு இதில் இல்லை. யாரிடமாவது இரவல் வாங்கி வைத்துக்கொண்டு வாரண்டிக்குக் காத்திருக்கலாம்.

ரேம்: இதற்குப் பல நிறுவனங்கள் ஆயுள் வாரண்டி தருகின்றன. ஆயுள் என்பது நம் ஆயுளைக் குறிக்காது, நிறுவனத்தின் விதியில் சொன்ன அர்த்தம்தான். ரேம் பழுதானால் கணக்கே தவறாக எழுதப்பட வாய்ப்புண்டு. ஆகவே இரண்டு ரேம் இருந்தால் பழுதானதைக் கழற்றி அனுப்பிவிட்டு ஒன்றை வைத்து ஓட்டலாம். பழுதான ரேமோடு ஒரு நாளும் ஓட்டக் கூடாது.

எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்பெட்டி: கருகல் வாடை வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். இது கெட்டால் டிஸ்க்கையும் சேர்த்துக் கெடுக்கும். வாரண்டிக்கு அனுப்பிவிட்டு, இடைக்காலத்துக்கு வேறொன்று போட வேண்டியதுதான்.

யூ.பி.எஸ். பேட்டரி: உப்பியிருந்தால் வாரண்டியைப் பார்க்காமல் அன்றே கழற்றிவிட வேண்டும். யூ.பி.எஸ்.ஸுக்கும் பேட்டரிக்கும் வாரண்டிக் காலம் வேறு வேறாக இருக்கலாம், வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பில் பிரிண்டர்: அச்சடிக்கும் தலைப்பகுதியின் ஆயுளை இத்தனை கிலோமீட்டர் தாள் என்று கணக்கிடுகிறார்கள். எழுத்துக்கு நடுவே வெள்ளைக் கோடு விழுந்தால் முதலில் சுத்தம் செய்து பாருங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் வாரண்டிக்குக் கொடுங்கள்.

எலக்ட்ரானிக் தராசு: கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தாலும் இதன் விஷயம் தனி. எடையளவுச் சட்டப்படி உரிமம் பெற்றவர்தான் பழுது பார்க்க வேண்டும். முத்திரை உடைக்கப்பட்டால் திரும்ப முத்திரை போட்ட பிறகே பயன்படுத்தலாம். வாரண்டியில் பழுது பார்த்தாலும் இதற்கு விலக்கு இல்லை.

சட்டம் சொல்வது

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவின்படி, ஓர் ஆண்டின் கணக்குகளை அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை வைத்திருக்க வேண்டும். கணக்கைக் கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர்கள் முறையான நகல் எடுத்து வைக்க வேண்டும் என்றும், விபத்தினாலோ இயற்கைச் சீற்றத்தினாலோ கணக்கு அழிந்தால் நியாயமான காலத்துக்குள் அதைத் திரும்ப எடுக்கும்படி இருக்க வேண்டும் என்றும் 57-வது விதி கூறுகிறது. "டிஸ்க் வாரண்டிக்குப் போயிருக்கிறது" என்பது அதிகாரியிடம் சொல்லக்கூடிய பதிலாகாது.

வாரண்டி இருந்தும் காரணமில்லாமல் மறுத்தால் என்ன செய்வது? 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவரை நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கியவருக்கு விலக்கு அளிக்கிறது. தானே கல்லாவில் உட்கார்ந்து பிழைப்பு நடத்தும் சிறு கடைக்காரர் அந்த விலக்கைக் கோரலாம். பெரிய மண்டிக்கு அது எளிதில் பொருந்தாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் செய்து பார்க்கலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. நிறுவனத்துக்கு எழுதும் கடிதமும், அவர்கள் தரும் பதிலும் கையில் இருக்கட்டும்.

அன்றாடம் செய்ய வேண்டியது

கல்லா எண்ணி முடித்ததும் நகல் எடுப்பதைக் கடையடைப்பு வேலைகளில் ஒன்றாக ஆக்கிக்கொள்ளுங்கள். ஒரு நகல் வீட்டுக்குப் போகட்டும். கடையில் தீயோ வெள்ளமோ வந்தால் கம்ப்யூட்டரும் பக்கத்தில் இருக்கும் பென் டிரைவும் சேர்ந்தே போகும். நகல் டிஸ்க்கை எப்போதும் கம்ப்யூட்டரில் செருகியே வைத்திருக்காதீர்கள், வைரஸ் வந்தால் நகலையும் பிடித்துக்கொள்ளும். மாதம் ஒரு தடவை ஸ்மார்ட் நிறத்தைப் பாருங்கள். மாதம் ஒரு தடவை நகலைத் திறந்தும் பாருங்கள்.

பாகம் பழுதாகும்போது கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இந்தப் பாகத்தில் நம் கணக்கு இருக்கிறதா? இது இல்லாமல் நாளைக்குக் கடை நடக்குமா? இது கெட்டால் வேறு எதையும் சேர்த்துக் கெடுக்குமா? கணக்கு அதில் இல்லை, கடையும் நடக்கும், வேறு எதையும் கெடுக்காது என்றால் வாரண்டிக்குத் தாராளமாகக் காத்திருக்கலாம். மூன்றில் ஒன்று மாறினாலும் இன்றே மாற்றிவிட்டு, பழையதை நாளைக்கு வாரண்டிக்குக் கொடுங்கள்.

இந்த இதழைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக, கடைசியாக நகல் எடுத்த தேதி என்ன என்று உங்கள் கடையில் கேட்டுப் பாருங்கள்.